மேர்வின் மேகத்துக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருக்கிற தமிழர்களுக்குள் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் மேர்வின். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். சமையலறை அலுமாரிகளுக்குக் கதவு செய்கிற இடம். அவர் பலகை அறுக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறார், நான் முடிந்த கதவுகளைப் பெட்டிக்குள் அடைக்கிறேன். இவர் வானத்தில் பறக்கிறவர் என்று சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். கன்ரீனில் கோப்பியைக் கொண்டுவரும்போதுகூடச் சிந்திவிடுமோ என்று கோப்பையையே பார்த்தபடி நடப்பார். வயது ஐம்பதை நெருங்குகிறது. கேட்டால் பதில் சொல்வார், தானாக எதையும் தொடங்கமாட்டார்.

ஊருக்கு வெளியே புல்வெளியில் ஒரு பறக்கும் கிளப் இருக்கிறது. அங்கத்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய ஒற்றை எஞ்சின் விமானம். எங்கள் சனத்துக்கு அந்த விமானத்தில் பெரிய ஆசை. ஏறுவதற்கு அல்ல, பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்கு. கலியாண மாப்பிள்ளைகள் பட்டு வேட்டியோடு இறக்கையில் கையை ஊன்றி நிற்பார்கள். பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு கொண்டாடுகிற பிள்ளைகளைக் கதவடியில் நிறுத்தி, கையைக் காட்டு, சிரி, திரும்பு என்று வீடியோக்காரர் கத்துவார். மேர்வின் அவர்களின் சேலையில் எண்ணெய் படாமல் துணியோடு பின்னால் திரிவார். பிறகு எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். அவர் விமானத்தைத் துடைத்துக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார். சாப்பிட வாருங்கள் என்று சொல்லக்கூடப் பலருக்கு ஞாபகம் வராது. அவரோடு மேலே போக ஒருவரும் முன்வந்ததில்லை. நானும்தான். ஏணியில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும்.

அவரை விளங்கிக்கொள்ள அவருடைய சின்ன வயதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகப்பன் அல்பேட், தாய் மார்கிரட். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு டெனிஷ் சட்டென்று பிடிபட்டது, பெற்றோருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் கொமூன் என்கிற நகரசபை அலுவலகம், டொக்டர், வீட்டுக்காரர் என்று எங்கே போனாலும் மேர்வின்தான் அவர்களுக்கு வாய். கால் நிலத்தில் முட்டாத கதிரையில் இருந்துகொண்டு பெரியவர்களின் கதையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றிச் சொல்லுவார். அல்பேட்டுக்கு ஒரு பயம் இருந்தது. வாயைத் திறந்து குறை சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று.

ஒரு பனிக்காலத்தில் வீட்டு ஹீற்றர் பழுதாகி, மூன்று பேரும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அந்தக் கிழமை பார்க்க வந்த கொமூன் பெண், வீடு வசதியாக இருக்கிறதா, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். மேர்வின் தகப்பனின் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி எண்டு சொல்லு," என்றார் அல்பேட். பிள்ளையும் டெனிஷில் அப்படியே சொன்னது. அவள் போன பிறகு கெட்டிக்காரன் என்று தகப்பன் தலையைத் தடவினாராம். மேர்வின் இதை ஒரு பகிடி போலத்தான் சொல்லுவார். எனக்குக் கோபம்தான் வரும். நடுங்குகிற பிள்ளையின் வாயால் குளிரில்லை என்று சொல்ல வைத்த பயம் எவ்வளவு பெரிய பயமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் அந்தக் கோபமும் நிற்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் சனத்தைப் பிடித்தது லண்டன் காய்ச்சல். அங்கே தமிழ்க் கடை, தமிழ்ப் பள்ளிக்கூடம், தெருவுக்குத் தெரு சொந்தக்காரர் என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு குடும்பமாக வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியது. ஒரு காலத்தில் தமிழ் ஆராதனைக்குப் பின்வரிசை வாங்கில் இடம் பிடிக்க வேண்டியிருந்த தேவாலயத்தில் இப்போது பாட்டுப் பாட ஆளில்லை. மேர்வினின் மனைவி டிலக்ஷியின் சகோதரர்களும் போனார்கள், அவளும் போக வேண்டும் என்று நின்றாள். அல்பேட் அப்போது கிழமையில் பாதி நாள் ஆஸ்பத்திரியில். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். மேர்வின் நின்றுவிட்டார். டிலக்ஷி மகள் ஷரோனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை, பிறகு பார்ப்போம் என்றுதான் பிரிந்தார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. தகப்பன் செத்தார், அடுத்து தாய். மேர்வின் அந்த வரிசை வீட்டில் தனியாக மிஞ்சினார்.

அதற்குப் பிறகுதான் பறக்கப் பழகினார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். வீட்டில் தனியாக இருந்தால் அது ஒரு குறை மாதிரி இருக்கிறது, மேலே தனியாக இருந்தால் அதுதான் முறை மாதிரி இருக்கிறது என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் பெரிய தத்துவம் பேசுகிறார் என்று கிண்டல் அடித்திருப்பேன். அவர் அதைச் சொல்லிவிட்டுப் பாண் துண்டைக் கடித்தார், நானும் என்னுடையதைக் கடித்தேன்.

அவரிடம் இருந்த உரிமம் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கானது. நிலம் தெரிய வேண்டும், அடிவானம் தெரிய வேண்டும், மேகத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது. கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறப்பதற்கு வேறு படிப்பு, வேறு பரீட்சை, வேறு அனுமதி. அது இல்லாதவன் மேகத்துக்குள் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு விளக்கமாகச் சொன்னதே அவர்தான். வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. விமானம் ஒரு பக்கம் மெதுவாகச் சரியும், உடம்புக்குத் தெரியாது. நேராக இருப்பதாகக் காதுக்குள் இருக்கிற சமநிலை சத்தியம் பண்ணும். நிமிர்த்தினால்தான் சரிவது போலத் தோன்றும். அதை நம்பித் திரும்பச் சரிப்பான். சரிவு சுழலாகும், சுழல் நிலத்தில் முடியும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதுதான் எனக்கு எரிச்சல். தெரியாதவன் செய்தால் பாவம் என்று விடலாம்.

ஷரோன் ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனிலிருந்து தகப்பனுடன் போனில் கதைப்பாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சாப்பிட்டீர்களா, குளிரா, வேலை எப்படி என்று அவள் கேட்க, ஓம், ஓம், பரவாயில்லை என்று இவர் சொல்ல, கதை சீக்கிரம் வற்றிவிடும். விமானத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனிதருக்கு உயிர் வரும். காற்று எந்தப் பக்கம், எந்தத் தீவுக்கு மேலால் போனேன், கடல் என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டே போவார்.

போன செப்டெம்பரில், தலைநகர் கொப்பன்ஹேகனின் புறநகரான அல்பர்ட்ஸ்லுண்டில் டிலக்ஷியின் தமக்கை வீட்டில் ஒரு கலியாணம். ஷரோன் தாயில்லாமல் தனியாக வந்தாள். டென்மார்க்கை விட்டுப் போன பிறகு அவள் இங்கே வருவது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை கலியாணம், ஞாயிறு இரவு திரும்புகிறாள், ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் ஓய்வு. அந்த மத்தியானம் விமானத்தைக் கொண்டுவந்து தன்னை ஒருமுறை ஏற்ற முடியுமா என்று கேட்டாள். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் சின்ன விமானங்கள் இறங்குகிற தளம் ஒன்று இருக்கிறது. மேர்வின் அந்தக் கிழமை முழுக்கத் தொழிற்சாலைக்குச் சிரித்துக்கொண்டு வந்தார். மகள் இருக்கப்போகிற இருக்கையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினதாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு நடந்ததை அடுத்த சனிக்கிழமை என் காரில் வைத்துத்தான் முழுதாகச் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிறு காலை எங்கள் ஊர் இருக்கிற யூலன்டில் நல்ல வெயில். கிழக்கே, கடலுக்கு மேல், மேகம் இறங்குகிறது என்று வானிலை அறிக்கை சொன்னது. கிளப்பில் இருந்த பவுல் என்ற வயதான டெனிஷ்காரர் திரையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு விமானத்தை விடு, ரயிலில் போ, மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்றார். நேரம் இருந்தது. மேர்வினின் காரும் கிளப் வாசலில் நின்றது. ஆனால் ரயிலிலோ காரிலோ போய் இறங்கினால் தான் வெறும் மேர்வின்தானே என்று இவருக்கு ஒரு எண்ணம். மகள் கேட்டது விமானத்தை. விமானம் இல்லாமல் போய் அவள் முன்னால் நின்று என்ன கதைப்பது? கடைசிவரை பார்ப்போம், ஏலாவிட்டால் திரும்பலாம் என்று பவுலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஏன் திரும்புவதில்லை என்று எனக்கு இப்போது நன்றாகவே விளங்குகிறது. முன்னால் மகள் நிற்கிறாள், பின்னால் பூட்டின வீடு.

ஃபூன் தீவைத் தாண்டும்வரை சுகம். தீவுக்கும் கொப்பன்ஹேகன் பக்கத்துக்கும் இடையில் அகலமான கடல், அதற்கு மேல் நீளமான பாலம். பாலத்தின் றோட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் என்பது திட்டம். கரையை அடைந்தபோது மேகம் கூரை போலத் தாழ்ந்து கிடந்தது. அவர் அதற்குக் கீழே இறங்கினார். கார்களின் வெளிச்சம் தெரிந்தது. பாலத்தைத் தாங்குகிற இரண்டு பெரிய தூண்களின் அடி தெரிந்தது, நுனி தெரியவில்லை. அந்த இடத்தில் திரும்பியிருக்க வேண்டும். அவர் தூணில் முட்டாமல் விலக வேண்டும் என்று வலது பக்கம் திருப்பி, கொஞ்சம் உயர்த்தினார். அவ்வளவுதான். கடல் போய்விட்டது, பாலம் போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும் மிஞ்சியது.

முதலில் பயம் இல்லையாம், வெட்கம்தானாம். படித்ததை மறந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் வெட்கம். ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. அந்த நேரம் ரேடியோவில் கட்டுப்பாட்டு நிலையப் பெண் கூப்பிட்டாள். பறக்கிறவர்களுக்குத் தகவல் சொல்லி, அவர்களை ரேடாரில் கவனித்துக்கொண்டிருப்பது அவளுடைய வேலை. உயரமும் திசையும் ஏன் மாறிக்கொண்டிருக்கின்றன, நிலம் தெரிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேர்வின் பொத்தானை அழுத்தி, எல்லாம் சரி என்று சொன்னார்.

இந்த இடத்தில் நான் காரை வேகம் குறைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். வாய் தானாகச் சொன்னது. நாற்பது வருடத்துக்குக் கிட்ட இந்த நாட்டின் எந்த அதிகாரக் குரல் கேட்டாலும் அந்த வாய் சொல்லிப் பழகின பதில் அது. உரிமத்தைப் பறிப்பார்கள், விசாரிப்பார்கள், கிளப்புக்குத் தெரிந்துவிடும், பவுலுக்குத் தெரிந்துவிடும் என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. உயிர் போகும் என்ற கணக்கு அதற்குள் வரவேயில்லை.

பிறகு காற்றின் சத்தம் மாறியது. விமானம் நேராகத்தான் பறக்கிறது என்று உடம்பு சொன்னது. ஆனால் எதிரே இருந்த வட்டக் கருவியில், வானமும் நிலமும் வரைந்த அந்தச் சின்னப் படத்தில், நிலம் சரிந்து கிடந்தது. வேகமுள் ஏறியது, உயரமுள் இறங்கியது. கருவி பழுது என்று முதலில் நினைத்தாராம். கதிரையில் மேர்வின் நிமிர்ந்து இருக்கிறார், எப்படி விமானம் சரிந்திருக்க முடியும்? பக்கத்தில் கழுவி வைத்த இருக்கையைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த பட்டியின் நுனியும் ஒழுங்காகக் கீழேதான் தொங்கியது. அதுவும் பொய் சொன்னது. இப்போது ஷரோன் இதில் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோதுதான் முதல்முறையாகப் பயம் பிடித்தது.

ரேடியோவில் அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டாள். இந்த முறை ஆங்கிலத்தை விட்டுவிட்டு டெனிஷில் கேட்டாள். அவசரமில்லாமல், அடுக்களையில் நின்று கேட்கிற மாதிரி. உனக்கு உதவி வேண்டுமா என்று.

இவர் பொத்தானில் விரலை வைத்தார். எல்லாம் சரி என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதாம். அதை விழுங்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். மேகத்துக்குள் நிற்கிறேன், எனக்கு இதற்குப் படிப்பில்லை, பயமாக இருக்கிறது என்றார். சொல்லும்போது அழுதுவிட்டதாக என்னிடம் சொன்னார். நான் றோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அவள் திட்டவில்லை. உரிம எண்ணைக் கேட்கவில்லை. வெளியே பார்க்காதே, அந்த வட்டக் கருவியை மட்டும் பார், அதில் இறக்கைகளை நேராக்கு, அதற்குப் பிறகு மூக்கை மெதுவாகத் தூக்கு என்றாள். உடம்பு வேண்டாம் என்று கத்தியது. வலப்பக்கம் கவிழ்கிறோம் என்று ஒவ்வொரு நரம்பும் சொன்னது. கருவி நேர் என்று சொன்னது. தன் உடம்பை நம்பாமல் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலை நம்புவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வேகமுள் இறங்கியது. அவள் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே திருப்பச் சொன்னாள். கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, தனியாகத்தான் என்றார். சரி, இப்போது நான் இருக்கிறேன் என்றாள். தொழில் முறையில் சொன்ன சொல்தான். இருந்தாலும் மேர்வின் அதைக் காரில் எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

வெள்ளை கிழிந்து ஃபூன் தீவின் அறுவடை முடிந்த வயல்கள் தெரிந்தன. அங்கிருந்த ஒரு சின்னத் தளத்தில் இறங்கினார். எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லை. பக்கத்து வயலில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. செத்துப் பிழைத்த செய்தியைச் சொல்ல ஒருவரும் இல்லாமல் புல்லில் இருந்ததாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்றுதான் அப்போது மனம் அடித்துக்கொண்டதாம்.

பிறகு ஷரோனுக்குப் போன் எடுத்து, வானிலை சரியில்லை, ரயிலில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். டாக்சி பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், ரயில் ஏறி, அதே பாலத்தைத் தாண்டினார். பாதி வழியில் ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் தூண்களைப் பார்க்க வேண்டி வரவில்லை. போகிற வழியில் ரயில் பிந்தியது. அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போக நேரமில்லை, நேரே கொப்பன்ஹேகனின் கஸ்ட்ரப் விமான நிலையத்துக்கு வரச் சொன்னாள் மகள்.

பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு முன்னால் ஷரோன் பையோடு நின்றாள். தாயின் உயரம், அல்பேட்டின் நெற்றி. கையில் கலியாண மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. கூட்டிவந்த பெரியம்மா காரை நிறுத்த முடியாமல் போய்விட்டாள். மேர்வின் வானிலை, காற்று என்று தொடங்கினார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார். பாலத்தையும் சொன்னார், பொய் சொன்னதையும் சொன்னார்.

அவள் கோபத்தில் பையை நிலத்தில் போட்டாள். "எனக்குப் பிளேன் எண்டாலே பயம், அப்பா," என்றாள். "பெரிய பிளேனில வாறதுக்கே கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பன். நான் சும்மா வாங்கோ எண்டு கேட்டால், பரவாயில்லை பிள்ளை, பிறகு பாப்பம் எண்டு சொல்லுவியள். பிளேன் எண்டால்தான் வருவியள் எண்டு நினைச்சன்."

வரிசை நகர்ந்தது. இவர் வாயைத் திறந்தார். வழக்கமாக வருகிற பதில் எதுவும் வரவில்லை.

"நான் நல்லாயில்லை, பிள்ளை," என்றார். "அந்த வீட்டில தனிய இருக்க என்னால ஏலாமல் கிடக்கு."

ஷரோன் அவருடைய கையைப் பிடித்தாள். விடவில்லை. பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகத் தொடங்கினார்கள்.